ஆவணி அவிட்டத்தில் எழுந்த வினா

ஆவணி அவிட்டம் என்ற சொல்லைக் கேட்ட அளவில், ஊரை விட்டு வந்த நம் போன்றோர்க்கு முதலில் நினைவில் எழுவது மந்திரம் அன்று, ஆறு. தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டிக் கரையில் பிறந்தவன் நான். கலங்கலாய் ஓடும் ஆற்றில் விடியலில் முழுகி, ஈர வேட்டியுடன் படித்துறையில் வரிசையாக அமர்ந்து, சாஸ்திரிகள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன குரல்கள் இன்றும் காதில் ஒலிக்கின்றன. 1968-இல் தில்லிக்கு வந்த பின் அந்த ஆறு அரசாங்கக் குடியிருப்பின் குழாயாகச் சுருங்கிவிட்டது. குழாயில் நீர் வரும் நேரம் பார்த்துச் சங்கற்பம் செய்யும் நிலையும் வந்தது. ஆயினும் சொற்கள் மாறவில்லை. அச்சொற்களுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

இவ்விழாவைக் கொண்டாடாத அன்பர்களும் இம்மலரைப் படிப்பார்கள். ஆதலின் சிறிது விளக்கம் வேண்டும். ஆவணி அவிட்டம் என்று பெயர் பெற்றிருப்பினும், இது ஆவணியில்தான் வரும் என்பதில்லை. அவிட்டத்தில்தான் வரும் என்பதுமில்லை. தமிழ்நாட்டில் பெரும்பான்மையோரான யஜுர்வேதிகள் சிராவண மாதத்துப் பௌர்ணமியிலும், ரிக்வேதிகள் அம்மாதத்துத் திருவோணத்திலும், சாமவேதிகள் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி வரும் அஸ்த நட்சத்திரத்திலும் இதனைச் செய்வர். வடமொழியில் இதற்கு உபாகர்மம் என்று பெயர். தொடங்குதல் என்பது பொருள். பண்டைக் காலத்தில் மாணவர் வேதம் ஓதத் தொடங்கும் நாள் இது. பூணூல் மாற்றுவது அத்தொடக்கத்தின் ஓர் அங்கம் மட்டுமே. நாளடைவில் அங்கமே விழாவாகி, விழாவின் உயிர் பின்னால் ஒதுங்கிவிட்டது.

அந்நூலைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் நெடுங்கதையாகும். மூன்று புரி, புரி ஒன்றுக்கு மூன்று இழை, ஆக ஒன்பது. பிரமசாரிக்கு ஒன்று, இல்லறத்தானுக்கு இரண்டு. புதியதை அணிந்த பின்னரே பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு கணமும் தோள் வெறுமையாக இருத்தல் ஆகாது. ஒன்பது இழை கொண்ட முப்புரி நூலைத் திருமுருகாற்றுப்படையில் திருவேரகத்துப் பகுதியிலேயே காண்கிறோம். அந்தணர்க்கு உரியவற்றுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியலும் நூலைக் குறிக்கிறது. பருத்தி நூல் பிரமமாகுமோ என்று திருமூலர் கேட்ட கேள்வியும் நம் மொழியில் இருக்கிறது. சௌராஷ்டிரர், விசுவகருமர், ஆரிய வைசியர் முதலியோரும் நூல் தரிப்பர். எனினும் இந்நூல் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் வேலியாக நெடுங்காலம் பயன்பட்டது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. புதுவையில் வாழ்ந்த நாளில் (1908–1918) பாரதியார், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். அவர் அதனைச் செய்ய நேர்ந்ததே வேலி எவ்வளவு உயரம் என்பதற்குச் சான்று.

சடங்கின் உட்பகுதிக்கு வருவோம். அன்று மகாசங்கற்பம் என்றொரு நீண்ட வாசகம் உண்டு. படைப்புக் காலம் முதல் இன்றைய திதி வரை காலத்தையும், மேருவின் தென்புறம் தொட்டு நாம் அமர்ந்திருக்கும் இடம் வரை தேசத்தையும் சொல்லி, உடலாலும் வாக்காலும் மனத்தாலும், அறிந்தும் அறியாமலும் நேர்ந்த பிழைகளையெல்லாம் வரிசைப்படுத்தும். பிறகு காண்டரிஷி தர்ப்பணம். பிரஜாபதி, சோமன், அக்கினி, விசுவேதேவர் என்று வேதத்தின் பகுதிகளுக்கு உரியோராகக் கருதப்படுவோர்க்கு எள்ளும் அட்சதையும் கலந்து நீர் வார்ப்பது. உறவு முறையில் வந்த முன்னோர்க்குச் செய்வது போலவே, அறிவு முறையில் வந்த முன்னோர்க்கும் செய்கிறோம். படித்தவன் படிப்பைத் தந்தவனை ஆண்டுக்கொருமுறை பெயர் சொல்லி நினைப்பது என்ற அளவில் இது எனக்கு மிகவும் உவப்பான பகுதி. மறுநாள் காயத்திரி ஜபம். இவையெல்லாவற்றுக்கும் முன்னர், காலையில் முதலாவதாக, யஜுர்வேதிகள் செய்வது காமோகார்ஷீத் ஜபம்.

அதன் கதை சுவையானது. ஆவணியில் தொடங்கிய ஓதலை ஏறத்தாழ நாலரை மாதம் நடத்தித் தை மாதத்தில் முறைப்படி நிறுத்தி வைக்க வேண்டும். அச்சடங்குக்கு உத்ஸர்ஜனம் என்று பெயர். அது வழக்கொழிந்து நெடுநாளாகிறது. செய்யாமல் விட்ட குற்றத்துக்குக் கழுவாயாக நூற்றெட்டு முறையோ ஆயிரத்தெட்டு முறையோ சொல்வதே இந்த ஜபம். அதன் கருத்து, நிகழ்ந்ததைச் செய்தது ஆசை, செய்தது சினம் என்பது. வேறொன்றும் இல்லை.

1983-ஆம் ஆண்டு ஆவணி அவிட்டத்தன்று என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. முந்தின ஆண்டுதான் அவனுக்கு உபநயனம் ஆகியிருந்தது. தலை ஆவணி அவிட்டக்காரனுக்கு இந்த ஜபம் கிடையாது. ஆகவே இது அவனுக்கு முதல் தடவை. பாதி எண்ணிக்கையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“போன வருஷம் எனக்கு இது கிடையாதேப்பா. இந்த வருஷம் மட்டும் ஏன்?”

“போன வருஷம் உனக்குப் பாக்கி எதுவும் இல்லை. இப்போது ஒரு வருஷம் ஆகிவிட்டதே.”

“இதுக்கு என்ன அர்த்தம்?”

சொன்னேன். சற்று நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நேத்து அவளோட ஜாமெட்ரி பாக்ஸை உடைச்சது நான் இல்லே, கோபம்தான்னு சொன்னா அம்மா ஒத்துப்பாளா?” என்றான்.

அருகில் அமர்ந்திருந்தோர் சிரித்தனர். மந்திரத்தைக் கேலி செய்யாதே என்று நான் அதட்டினேன். விடை தெரியாத தந்தையர் செய்வது அதுதான். வீடு திரும்பியபோது, அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சிறுமியரைப் பார்த்துப் பழகிய என் மகள், உடைந்த பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அண்ணனுக்கு ராக்கி கட்டக் காத்திருந்தாள். அதே பௌர்ணமியில்தான் வடபுலத்தார் ரட்சாபந்தனம் கொண்டாடுகின்றனர். ஒரு நாளில் இரண்டு நூல் பெற்ற பெருமை தில்லித் தமிழ்ப் பையன்களுக்கு உண்டு. ஒன்று தோளில், மற்றொன்று மணிக்கட்டில்.

மகனை அதட்டியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவன் சொன்ன சமாதானத்தை அவனுக்கு முன்பே நான் பயன்படுத்தியிருந்தேன்.

எந்தையார் காலமான பின் 1974-இல், ஊரிலிருந்த தென்னந்தோப்பின் வருமானம் பற்றி எனக்கும் என் தமையனாருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. அவர் கணக்கு அனுப்பியிருந்தார். எனக்கு அது குறைவாகத் தோன்றியது. யாரோ ஊரிலிருந்து வந்தவர் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் என்னை ஏமாற்றுவதாகவே எழுதிவிட்டேன். மூன்று பக்கம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையில்லை என்பது பின்னர் தெரிந்தது. மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்தே இல்லை. 1977-இல் மனம் பொறாமல் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என்ன எழுதினேன்? “அன்று அந்தக் கடிதத்தை எழுதியது நான் அல்ல அண்ணா, என் கோபம்தான் எழுதியது” என்று எழுதினேன். எழுதும்போது அந்த வாக்கியம் அழகாகவே தோன்றிற்று.

பத்து நாளில் விடை வந்தது. சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம், இங்கு யாவரும் க்ஷேமம், மழை இல்லை, பசு கன்று ஈன்றிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டே வரி: “கோபம் எழுதிற்று என்கிறாய்; சரி. தபாலாபீசில் வரிசையில் நின்று ரிஜிஸ்டர் செய்து ரசீது வாங்கி வைத்துக்கொண்டதும் கோபம்தானா?”

ஆம், அக்கடிதத்தை ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். எழுதியது இரவு. அனுப்பியது மறுநாள் நண்பகல், அலுவலகத்தில் உணவு இடைவேளையில். நடுவே தூங்கினேன், குளித்தேன், சந்தியாவந்தனமும் செய்தேன். கோபத்துக்கு வரிசையில் நிற்கும் பொறுமை ஏது?

நீதிமன்றங்களும் இக்கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. திடீரெனக் கடுமையாகத் தூண்டப்பட்டுத் தன்னடக்கம் இழந்த நிலையில் செய்த கொலையைச் சட்டம் கொலையினும் குறைந்த குற்றமாகக் கருதுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஓரளவுக்குச் சட்டமும் ‘சினம் செய்தது’ என்பதை ஒப்புகிறது. ஆனால் எந்த அளவுக்கு? பம்பாயில் 1959-இல் நிகழ்ந்த நானாவதி வழக்கு அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. மனைவியின் வாயால் செய்தியைக் கேட்ட கடற்படை அதிகாரி, குடும்பத்தைத் திரைப்படக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி பெற்று, பின்னரே அந்த மனிதரைத் தேடிப் போனார். இடையில் கழிந்த நேரம் சினம் தணியப் போதியது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் கூறித் தண்டனையை உறுதி செய்தது. என் தமையனார் சட்டம் படித்தவர் அல்லர். ஆயினும் அவருடைய இரண்டு வரியில் அத்தீர்ப்பின் சாரம் இருந்தது.

அவ்வாறாயின் இந்த ஜபம் வெறும் தட்டிக்கழித்தலா? நூற்றெட்டு முறை நான் அல்லேன் என்று சொல்வது எவ்வாறு கழுவாய் ஆகும்?

வேதாந்தம் கற்றோர் இதற்கு ஒரு விடை சொல்வர். ஆன்மா எதையும் செய்வதில்லை. செய்வதெல்லாம் இயற்கையின் குணங்களே. ஆகவே மந்திரம் உண்மையையே கூறுகிறது என்பர். உயர்ந்த கருத்துத்தான். ஆனால் நடைமுறையில் இந்த ஞானம் ஒருபக்கமாகவே பயன்படுகிறது. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுப்பவர் வெளிச்சம் மறையும்படி ‘உபயம்’ என்று தம் பெயரை எழுதி வைக்கிறாரே ஒழிய, கருணை செய்தது, நான் செய்யவில்லை என்று எழுதுவதில்லை. நன்மைக்கு நானும் தீமைக்குக் குணங்களும் என்று பிரித்துக்கொள்வது வேதாந்தம் ஆகாது.

இன்னொரு விடை, நோயின் பெயரை அறிதல் என்பது. மனிதன் தான் விரும்பாமலே எதனால் உந்தப்பட்டுப் பாவம் செய்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அருச்சுனன் கேட்கிறான். ஆசையும் சினமுமே என்கிறான் கண்ணன். இந்த ஜபம் கூறும் அதே இரண்டு பெயர். ஆனால் கண்ணன் அவ்வளவில் நிறுத்தவில்லை. அந்தப் பகையை வெல்லும் பொறுப்பை அருச்சுனன் தலைமேலேயே வைக்கிறான். வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தில் சினத்தை ஆளைக் கொல்லும் ஒன்றாகவே காட்டுகிறார். அதே மூச்சில், அதனைத் தடுத்து நிறுத்த வேண்டியவன் அந்த ஆளே என்கிறார். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னால், கசப்பு மருந்தை விழுங்க வேண்டியவன் நோயாளிதான், நோய் விழுங்குவதில்லை.

இவ்விடை எனக்குப் பாதி மனநிறைவு தந்தது. மீதியை மந்திரங்களின் இலக்கணத்திலேயே கண்டேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. பள்ளியில் படித்த கொஞ்சம் வடமொழியே போதியதாயிற்று.

‘அகார்ஷீத்’ என்பது படர்க்கை. ‘அது செய்தது’ என்பது பொருள். நாள்தோறும் காலையில் சந்தியாவந்தனத்தில் நீரை மந்திரித்து உட்கொள்கிறோமே, அங்கே அதே வினை ‘அகார்ஷம்’ என்று தன்மையில் வருகிறது: ‘நான் செய்தேன்’. இரவில் மனத்தால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால் நான் செய்த பாவம் என்று உறுப்பு உறுப்பாக ஒப்புக்கொள்ளும் இடம் அது. அம்மந்திரமும் சினத்தின் பெயரைக் குறிப்பிடுகிறது. சினத்தால் நேர்ந்த பாவங்களிலிருந்து காக்க வேண்டுகிறது. ஆயினும் செய்தவன் நான் என்பதை விடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ‘அது செய்தது’ என்று சொல்பவன், ஆண்டு முழுவதும் நாள்தோறும் ‘நான் செய்தேன்’ என்று சொல்லியிருக்க வேண்டியவன். அன்றாடம் சொல்வதை விட்டுவிட்டு ஆண்டுக்கொருமுறை வருவதை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். கணக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்ட கதைதான்.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. காமோகார்ஷீத் ஜபம் தொடங்குமுன் சங்கற்பம் செய்கிறோம். அது ‘கரிஷ்யே’ என்று முடிகிறது: ‘நான் செய்வேன்’. இதுவும் அதே வினைதான். பிழையைச் செய்தது ஆசையும் சினமும் என்றாலும், அதற்குக் கழுவாய் செய்ய அமர்வது ஆசை அன்று, சினம் அன்று, நான்தான். உண்மையிலேயே ‘நான் அல்லேன்’ என்று நினைப்பவன் வெறும் வயிற்றோடு வந்து உட்கார வேண்டிய தேவை என்ன? ‘அது செய்தது’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘நான் செய்வேன்’ என்று சொல்லும்படி வைத்தவர்கள், நம் போன்றோரின் கெட்டிக்காரத்தனத்தை அறியாதவர்கள் அல்லர் என்றே தோன்றுகிறது.

ஆனால் இங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. ‘நான் செய்வேன்’ என்று எதைச் சொல்கிறோம்? ஜபத்தைச் செய்வேன் என்கிறோமே தவிர, வரும் தையில் உத்ஸர்ஜனம் செய்வேன் என்று சொல்வதில்லை. தை வருகிறது, போகிறது. அடுத்த ஆவணியில் அதே குற்றத்துக்கு அதே கழுவாய். இன்னும் நுணுகிப் பார்த்தால் நகைப்புக்கு இடமாகிறது. உத்ஸர்ஜனம் என்பது ஓதலை நிறுத்தி வைக்கும் சடங்கு. நம்மிற் பலர் ஓதத் தொடங்கியதே இல்லை. தொடங்காத ஒன்றை முறைப்படி நிறுத்தவில்லையே என்று ஆண்டுதோறும் வருந்துகிறோம்! ஆசையும் சினமும் செய்த குற்றமாகக்கூட இதைச் சொல்ல முடியாது. இது சோம்பலும் மறதியும் செய்தது. அவ்விரண்டின் பெயரும் மந்திரத்தில் இல்லை.

பூணூல் அணியாத நண்பர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். கோடை விடுமுறைதோறும் ஊருக்குப் போய்த் தாத்தா பாட்டியுடன் ஒரு வார்த்தை தமிழில் பேசத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, இந்த ஆண்டு கட்டாயம் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று இரயிலில் திரும்பும்போது உறுதி செய்கிறோமே, அந்தச் சங்கற்பத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அதற்கும் உத்ஸர்ஜனம் நடப்பதில்லை. நாம் காரணம் கேட்கப்பட்டால் அலுவலகம் செய்தது, பள்ளிக்கூடம் செய்தது, தில்லி செய்தது என்போம்.

இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? ஒரு வாரம் கழித்து அவனைக் கூப்பிட்டு, தமையனாரின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அதுவே போதுமென்று தோன்றியது. படித்துவிட்டு, “பெரியப்பா கெட்டிக்காரர்” என்றான். பிறகு, பெட்டியை உடைத்த பின் தான் அதை மேசைக்கு அடியில் மறைத்து வைத்ததாகவும், அது கோபம் செய்ததல்ல என்றும் தானாகவே சொன்னான். தங்கைக்குப் புதுப்பெட்டி வாங்கத் தன் உண்டியலிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தான். போதாததை நான் சேர்த்தேன்.

மறு ஆண்டு, 1984-இல், விடுப்பு எடுத்துக்கொண்டு ஆவணி அவிட்டத்துக்கு ஊருக்கே போனேன். மகனையும் அழைத்துச் சென்றேன். படித்துறையில் தமையனாருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். ஜபம் முடிந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது சொன்னேன்:

“அண்ணா, அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தெரியும்டா. ரசீது இருக்கோ?”

“இருக்கு அண்ணா.”

“சரி, வா. அப்பம் ஆறிப் போகும்” என்று சொல்லிவிட்டு, என் மகன் தோளில் கை வைத்துப் படியேறிப் போனார்.